முகிலும் மதகும்: கட்டளை வரியின்வழி கணினி வளங்களை உகப்பாக்குதல் பற்றிய ஒரு நோக்கு

ஒரு சொல் தான் குறிக்கும் பொருளை விளக்குவதை விடுத்து மறைக்கவே பயன்படும் நிலை மொழி வரலாற்றிற் புதியதன்று. கணினித் துறையில் வழக்கூன்றிவிட்ட 'முகில்' என்னுஞ் சொல்லும் அத்தகையதே. உடைமையாளர் எவருமின்றி, எல்லோர்க்கும் பொதுவாய், வானிலே மிதக்கும் ஏதோவொன்று என்ற மயக்கத்தை அது தருகின்றது. உண்மையில் அது வேறொருவருக்குச் சொந்தமான கட்டடத்தில், வேறொருவருக்குச் சொந்தமான இயந்திரங்களில், மணிக்கணக்கிலும் கொள்ளளவுக் கணக்கிலும் நாம் வாடகைக்குப் பெறும் இடமாகும். அவ்விடத்தை அளந்து, குறைத்து, கூட்டி, வாடகையைக் கட்டுப்படுத்தும் செயலே 'உகப்பாக்கம்' எனப்படுகின்றது. அதனை எழுத்தாலாகிய கட்டளைகளைக்கொண்டு செய்யும் முறையை விளக்குவதும், அம்முறை எதனைக் காண்கின்றது, எதனைக் காணத் தவறுகின்றது என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கிய மாணவர் இதுபற்றி ஏன் கவலைகொள்ளவேண்டும் என்ற வினா எழலாம். மலையக இலக்கியத்திற்கு மாத்தளை மாவட்டம் அளித்த பங்கு சிறியதன்று. மலரன்பன், மாத்தளை வடிவேலன், மாத்தளை சோமு, மாத்தளை கார்த்திகேசு முதலியோரின் ஆக்கங்கள் பல சிற்றிதழ்களிலும், குறைந்த பிரதிகளே அச்சிடப்பட்ட நூல்களிலும் வெளிவந்தவை. அத்தகைய ஏடுகளைத் தேடுபவர் இன்று பெரும்பாலும் கணினித் திரையையே நாடவேண்டியுள்ளது. 2005ஆம் ஆண்டு தன்னார்வ முயற்சியாகத் தொடங்கப்பெற்ற 'நூலகம்' எண்ணிம நூலகம் இத்தேவையை உணர்த்திய முன்னோடி. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகள் சாம்பராயின என்பதை நாம் மறந்துவிடவில்லை. ஆகவே நமது நூல்கள் எங்கே, எவருடைய இயந்திரத்தில், எத்தனை பிரதிகளாக, என்ன வாடகைக்கு வைக்கப்பட்டுள்ளன என்பது இலக்கிய வரலாற்றாய்வாளனின் கேள்வியுமாகும்.

கணிக்கும் ஆற்றலை மின்சாரம்போற் பகிர்ந்தளிக்கலாம் என்ற எண்ணம் பழையது. அமெரிக்கக் கணினி அறிஞர் ஜோன் மெக்கார்த்தி 1961ஆம் ஆண்டிலேயே, தொலைபேசிச் சேவையைப்போலக் கணினிச் சேவையும் ஒருநாட் பொதுப்பயன்பாட்டுச் சேவையாக அமையக்கூடும் எனக் கூறியிருந்தார். அவர் கூறியவாறு சேவை தோன்றிற்று. 'பொது' என்பதுதான் தோன்றவில்லை. 2006ஆம் ஆண்டு அமேசன் நிறுவனம் தனது சேமிப்பிடத்தையும் கணிக்கும் ஆற்றலையும் வாடகைக்கு விடத் தொடங்கியதோடு இன்றைய முகில் வாணிபம் உருப்பெற்றது. அந்நிறுவனத்தின் பெருநிலையங்கள் சிங்கப்பூரில் 2010இலும், மும்பாயில் 2016இலும், ஐதராபாத்தில் 2022இலும் திறக்கப்பெற்றன. இலங்கையில் அத்தகைய நிலையம் இல்லை. மாத்தளையில் உள்ள வாசகர் ஒருவர் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது அப்பக்கம் பெரும்பாலுங் கடல் கடந்தே வருகின்றது; அதற்கான கட்டணம் டொலரிற் கடல் கடந்து செல்கின்றது.

2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபா என்றிருந்த மாற்று வீதம், மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தது. மாதம் 50 டொலர் வாடகை செலுத்திய ஒரு சங்கத்தின் செலவு, ஒரு பக்கந்தானும் மேலதிகமாக வாசிக்கப்படாமலேயே, 10,000 ரூபாவிலிருந்து 18,000 ரூபாவாயிற்று. உகப்பாக்கம் என்பது நம்மவர்க்குப் பொறியியல் நுணுக்கமாக மட்டும் இருக்கமுடியாமைக்குக் காரணம் இதுவே.

இனிக் கட்டளை வரியை நோக்குவோம். படங்களைச் சுட்டி அழுத்தும் முறை பரவலாவதற்கு முன்னர், தட்டச்சுப் பொறிபோன்ற கருவியில் ஒரு வரியை எழுதி, கணினி எழுதும் மறுமொழியைப் படிப்பதே வழக்கம். 1970களில் பெல் ஆய்வுகூடத்தில் வளர்ந்த யுனிக்ஸ் முறைமை இதனை ஒரு கலையாகவே ஆக்கிற்று: சிறிய கருவிகள் பல, ஒன்றன் வெளியீடு மற்றொன்றன் உள்ளீடு, யாவும் எழுத்து. இன்றும் பெரிய நிலையங்களை நிருவகிப்போர் இம்முறையைக் கைவிடாமைக்குக் காரணம் பழமைப்பற்று அன்று. எழுதப்பட்ட கட்டளையைச் சேமித்துவைக்கலாம். மறுநாள் மீண்டும் இடலாம். இன்னொருவர் வாசித்துப் பிழை காணலாம். படத்தை அழுத்திய விரல் ஒரு சுவடும் விடுவதில்லை. பாடங்களை ஒப்புநோக்கிப் பழகிய நமக்கு இவ்வேறுபாட்டின் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை.

2013ஆம் ஆண்டு முழுமையான வடிவில் வெளியிடப்பட்ட அமேசன் கட்டளை வரிக் கருவியை உதாரணமாகக் கொள்ளலாம். அதன் மூலநிரல் எவரும் படிக்கவும் மாற்றவும் கூடிய திறந்த உரிமத்தில் உள்ளது. (உளி பொதுவில் உள்ளது, மலை தனியாரிடம் உள்ளது. இம்முரண்பாட்டைக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் போதிய அளவு சிந்தித்ததாகத் தெரியவில்லை.) அக்கருவிக்கு இடும் ஒரு கட்டளையில் முதலில் கருவியின் பெயரும், அடுத்துச் சேவையின் பெயரும், அதனையடுத்து ஒரு வினையும், இறுதியில் இரட்டைக் கோடிட்ட அடைகளும் வரும். வினைகள் யாவும் முன்னிலை ஏவல்: விவரி, பெறு, நிறுத்து, மாற்று, தொடங்கு, அழி. தமிழிலக்கணம் கற்றவர் இங்கு வியங்கோளுக்கு இடமில்லை என்பதை உடனே கவனிப்பர். 'விவரி', 'பெறு' என்பன எதனையும் மாற்றாதவை; ஏனையவை மாற்றுபவை. மாற்றும் கட்டளைகள் சிலவற்றுக்கு 'ஒத்திகை' என்னும் பொருள்படும் ஓர் அடையைச் சேர்க்கலாம். அப்போது கருவி செயலைச் செய்யாது, செய்வதற்கு நமக்கு அதிகாரம் உண்டா என்பதை மட்டும் கூறும். புதிதாகத் தொடங்குவோர் முதலிற் கற்கவேண்டிய அடை இதுவே.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மாத்தளையில் ஓர் இலக்கியச் சங்கம் பழைய சஞ்சிகைகளை ஒளிவருடி, மும்பாய் நிலையத்தில் ஒரு வழங்கியை, அதாவது 'சேர்வர்' எனப்படும் இயந்திரத்தை, வாடகைக்குப் பெற்று வைத்திருக்கின்றது எனக் கொள்வோம். அதன் செயலகம் இரண்டு. நினைவகம் 8 கிகாபைற். ஒளிவருடிய படங்கள் 600 கிகாபைற். தொடக்கத்தில் எவ்வளவு தேவைப்படும் என எவருக்கும் தெரியாது. ஆகவே பெரியதாகவே எடுத்தனர். இன்று கட்டணத்தைக் குறைக்கவேண்டியுள்ளது.

2019 டிசெம்பரில் அமேசன் அறிமுகப்படுத்திய 'கொம்பியூட் ஒப்ரிமைசர்' என்னும் சேவையை இதற்குப் பயன்படுத்தலாம். முதலில் ஒரு கட்டளையால் அதிற் பதிந்துகொள்ளவேண்டும். அது வழங்கியின் செயலகம் எவ்வளவு வேலை செய்கின்றது, வலையமைப்பில் எவ்வளவு தரவு போகின்றது என்பனவற்றைப் பொதுவாகக் கடந்த 14 நாட்களுக்குப் பார்க்கும். பின்னர் 'பரிந்துரைகளைப் பெறு' என்ற கட்டளையை இட்டால், ஒவ்வொரு வழங்கியும் மூன்று தீர்ப்புகளில் ஒன்றைப் பெறும்: மிகை ஒதுக்கீடு, குறை ஒதுக்கீடு, உகந்தது. மிகை என்றால் அதற்குப் பதிலாக எடுக்கக்கூடிய சிறிய வகைகள் மூன்று வரை காட்டப்படும். ஒவ்வொன்றுக்கும் எதிரே மாதம் மிச்சமாகும் டொலரும், வேகம் குன்றும் அபாயத்தின் அளவும் எழுதப்பட்டிருக்கும். மறுமொழி அட்டவணையாக வேண்டுமா, நிரலுக்கேற்ற கட்டமைப்பாக வேண்டுமா என்பதையும் ஓர் அடையாற் கூறலாம். நூறு வழங்கிகள் உடைய நிறுவனம் மிகை என்பனவற்றை மாத்திரம் வடித்தெடுக்க மற்றோர் அடை உண்டு.

பரிந்துரையை நிறைவேற்றும் பொறுப்பு நம்முடையது. வழங்கியை நிறுத்து, வகையை மாற்று, மீளத் தொடங்கு என்ற மூன்று கட்டளைகள் போதும். நிறுத்தித் தொடங்கும்போது வழங்கியின் பொது முகவரி மாறிவிடக்கூடும் என்பதால், நிலையான முகவரியை முன்னரே பெற்றுவைக்க வேண்டும். இதனை மறந்தோரின் தளம் இயங்கிக்கொண்டே இருக்கும், ஆனால் எவராலும் அதனைச் சென்றடைய முடியாது.

சேமிப்பிடத்தில் மிச்சம் இன்னும் அதிகம். வாசகர் திறப்பது சிறிய அளவிலான பிரதியைத்தான். மூலப் படங்கள் ஆண்டுக்கு ஒருமுறைகூடத் தீண்டப்படாதவை. அவற்றை ஆழ்காப்பக வகைக்கு மாற்றினால் வாடகை சாதாரண வகையினதைவிட மிகக் குறைவாகும். ஆனால் திரும்பப் பெறச் சாதாரணமாக 12 மணிநேரம் வரை காத்திருக்க வேண்டும். 180 நாட்களுக்கு முன் அழித்தாலும் அக்காலத்துக்கான வாடகை அறவிடப்படும். இந்த விதியையும் ஒரு கோப்பில் எழுதி ஒரே கட்டளையால் நடைமுறைப்படுத்தலாம்.

இதுவரை கூறியது கருவியின் பயன். அது 'மிகை' என்று கூறுவதன் பொருள் யாது என்பதே நமது உண்மையான பிரச்சினை.

முதலாவதாக, அக்கருவிக்கு நினைவகத்தின் பயன்பாடு இயல்பாகத் தெரியாது. வழங்கிக்குள்ளே ஒரு சிறு முகவர் நிரலை நிறுவினால் மட்டுமே அது தெரியவரும். நிறுவாதவிடத்து, செயலகம் சும்மா இருப்பதைக் கண்டு வேலை குறைவு எனக் கருவி கருதும் வேளையில், நினைவகம் நிரம்பி வழிந்துகொண்டிருக்கலாம். இரண்டாவதாக, 14 நாட்கள் என்பது எந்தப் பதினான்கு நாட்கள்? பாடசாலை விடுமுறையில் அளந்தால் நமது சங்கத்தின் வழங்கி உறங்கிக்கொண்டிருக்கும். உயர்தரப் பரீட்சைக்கு முந்திய வாரங்களில் அளந்தால் மூச்சுத் திணறும். பதினான்கு நாட்களில் செயலகப் பயன்பாடு ஒருபோதும் 5 சதவீதத்தை எட்டாது, வலையமைப்பில் நாளுக்கு 5 மெகாபைற்றும் நகராத வழங்கியை இச்சேவை 'சோம்பியது' என வகுக்கின்றது. ஆபத்துக் காலத்துக்கெனக் காத்திருக்கும் மாற்று வழங்கியும் இவ்வரைவிலக்கணத்துக்குள் அடங்கிவிடும்.

தேயிலைத் தோட்டத்து மொழியில் இதற்கொரு சொல் உண்டு. நிர்ணயித்த இறாத்தலைக் கொழுந்து எட்டாவிட்டால் அன்று 'அரைப்பேர்'. மழை பெய்ததா, மலையில் கொழுந்து இருந்ததா, அவள் நோயுற்றிருந்தாளா என்பது தராசில் நிற்பதில்லை. ஒப்புமையை நாம் மிகைப்படுத்த விரும்பவில்லை, இயந்திரத்துக்கு வயிறில்லை. எனினும் ஒற்றை அளவுகோல் தீர்ப்பாக மாறும் முறை இரண்டிலும் ஒன்றே.

உகப்பாக்கம் என்ற கணித முறைமையின் வரலாறு இவ்விடத்து நோக்கத்தக்கது. சந்தையின் கண்டுபிடிப்பாக இன்று அது அறிமுகப்படுத்தப்படுகின்றது. ஆயின் நேரியல் திட்டமிடலின் முதற்படைப்பு 1939ஆம் ஆண்டு லெனின்கிராட்டில், ஓர் ஒட்டுப்பலகை உற்பத்தி அமைப்பின் இயந்திரங்களுக்கு வேலையைப் பங்கிடும் பிரச்சினையிலிருந்து பிறந்தது. அதனைச் செய்தவர் லியோனிட் கன்ரரோவிச். 1975ஆம் ஆண்டு ரியாலிங் கூப்மன்சுடன் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றவர். கையிலுள்ள வளங்களைக்கொண்டு ஒரு நோக்கத்தை இயன்ற அளவு நிறைவேற்றுவது எப்படி என்பதே அவரது கேள்வி. கணிதம் வழியைக் கூறும், நோக்கத்தைக் கூறாது. நோக்கம் வெளியிலிருந்து, சமூகத்திலிருந்து, கொடுக்கப்பட வேண்டியது. எது உகந்தது என்ற விடை, எதற்கு உகந்தது என்ற வினாவிற்குப் பின்னரே பொருள் பெறும்.

மாத்தளை மாவட்டத்தார்க்கு இதனை விளக்கக் கணிதம் வேண்டியதில்லை, உக்குவளை போதும். கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் மகாவலி மறிக்கப்பட்டு, அதன் நீரில் ஒரு பகுதி ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியாக உக்குவளை மின்னிலையத்தை அடைகின்றது. 1976ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய அந்நிலையத்தில் மின்சாரத்தைத் தந்தபின் அந்நீர் சுது கங்கையில் விழுந்து, அம்பன் கங்கையூடாகப் போவத்தென்னையை அடையும். அங்கு ஒரு பகுதி இன்னொரு சுரங்கத்தால் வடக்கே கலாவெவப் பிரதேசத்துக்குத் திருப்பப்படும். மற்றப் பகுதி 1981ஆம் ஆண்டின் போவத்தென்னை மின்னிலையத்தைக் கடந்து எலகெர நோக்கிச் செல்லும். 2017ஆம் ஆண்டு நீர் நிரப்பப்பட்ட மொறகஹகந்த நீர்த்தேக்கமும் இவ்வாற்றிலேயே உள்ளது.

பொல்கொல்லையில் திருப்பாமல் விடப்பட்ட நீரோ விக்டோரியா, ரந்தெனிகலை, ரந்தம்பை என அடுத்தடுத்து விழுந்து, உக்குவளை வழியிற் கிடைப்பதைவிடக் கூடுதலான மின்சாரத்தைத் தரும். மின்னலகு ஒன்றே அளவுகோல் எனக் கொண்டால் உக்குவளைச் சுரங்கம் 'மிகை ஒதுக்கீடு'. அதனை மூடிவிடுமாறு எந்த உகப்பாக்கக் கருவியும் பரிந்துரைக்கும். கணக்கில் ஒரு பிழையும் இராது. ஆனால் கலாவெவையின் கீழ் நெல் விதைத்தவன் அதே கணக்கில் காணாமற்போய்விடுகின்றான். இதனாலேயே மகாவலி அதிகாரசபை, நீர்ப்பாசனத் திணைக்களம், மின்னுற்பத்தித் தரப்பு ஆகியவற்றின் அலுவலர்கள் அமரும் நீர் முகாமைத்துவக் குழு பருவந்தோறும் கூடி எவ்வளவு நீர் எங்கே செல்லவேண்டும் எனத் தீர்மானிக்கின்றது. அக்குழுவில் யாருடைய குரல் ஓங்கி ஒலிக்கின்றது என்பது வேறு விவாதம். பங்கீடு பற்றிய முடிவு ஒரு மேசையைச் சுற்றி, பெயருடைய மனிதரால், எழுத்தில் எடுக்கப்படுகின்றது என்பதே நமக்கு முக்கியம். முகிலில் அம்மேசை இல்லை. நோக்கம் முன்னமே நிறுவனத்தால் நிரலினுட் பொதிந்து வைக்கப்பட்டுள்ளது.

சேமத்தின் நிலை இதனினும் நுட்பமானது. 1875ஆம் ஆண்டு கோத்தா வேலைத்திட்டத்தை விமர்சித்தபோது மார்க்ஸ், சமூகத்தின் மொத்த விளைபொருளைப் பங்கிடுமுன் விபத்துகளுக்கும் இயற்கை அனர்த்தங்களுக்கும் என ஒரு சேமநிதியைக் கழித்துவைக்க வேண்டுமென வற்புறுத்தினார். அவர் கூறிய பகுதி பொருளாதாரத் தேவையிலிருந்து எழுவது. தனியொருவரின் நியாயம் பற்றிய வாதத்தால் அதன் அளவைத் தீர்மானிக்கவியலாது. காப்புப்பிரதி என்பது தரவுலகின் சேமநிதி. அது பயன்படாத நாட்களிலெல்லாம் கணக்கேட்டில் வீண்செலவாகவே தோன்றும்.

நமது நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. 2023 ஓகஸ்ட் மாத இறுதியில் இலங்கை அரசாங்க முகில் எனப்படும் கட்டமைப்பு பணயத் தீநிரலால் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரச இணையப் பெயரைக்கொண்ட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளப் பெறமுடியாது அழிந்தன. அக்காலப்பகுதிக்குத் தனியான காப்புப்பிரதி இருக்கவில்லை. 2013ஆம் ஆண்டின் பழைய மின்னஞ்சல் மென்பொருளே இயங்கிக்கொண்டிருந்தது. 2021ஆம் ஆண்டு முதல் திட்டமிடப்பட்ட புதுப்பித்தல் நிதிப் பற்றாக்குறை உள்ளிட்ட காரணங்களால் தள்ளிப்போடப்பட்டிருந்தது. அந்த ஆண்டுகளின் செலவுக் கணக்கை மட்டும் ஒருவர் நோக்கியிருப்பின் அதனைச் சிக்கனம் என்றே பாராட்டியிருப்பார். அரச ஆவணங்களை ஆதாரமாகக் கொண்டு எழுதவிருக்கும் நாளைய வரலாற்றாசிரியனுக்கு மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட இடைவெளி ஒன்று இருக்கும்.

கருவியை ஒதுக்கிவிடவேண்டும் என்பது இதனாற் பெறப்படும் முடிபன்று. இயந்திரத்தை உடைத்த தொழிலாளரின் கோபத்தை நாம் மதிக்கலாம். அவர்களது வழியை மேற்கொள்ள இயலாது. டொலரில் வாடகை செலுத்தும் சிறிய சங்கத்துக்கு ஒவ்வொரு டொலரும் ஒரு சஞ்சிகையை ஒளிவருடும் செலவு. அத்தோடு கருவியே ஓரளவு இடந்தருகின்றது. 'கொம்பியூட் ஒப்ரிமைசர்' சேவையில், செயலகத்துக்கு எத்தனை வீதம் சேமம் விடவேண்டும் என்பதைப் பயன்படுத்துவோரே கட்டளையாற் குறிப்பிடலாம். எதுவும் கூறாவிடின் 20 சதவீதம் எனக் கொள்ளப்படும். பார்க்கும் காலத்தையும் மேலதிகக் கட்டணமின்றி 32 நாட்களாக நீட்டலாம். கட்டணம் செலுத்தினால் மூன்று மாதங்கள் வரை செல்லலாம். இவ்வெண்கள் பெரும்பாலும் எவராலும் மாற்றப்படாமல், நிறுவனம் இட்டபடியே இருந்துவிடுகின்றன.

மாத்தளைச் சங்கத்தின் உதாரணத்துக்கே திரும்பினால், அங்கு மூன்று விடயங்கள் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட வேண்டியவை. பரீட்சைக் காலத்து நெருக்கடியையும் அடக்கிய அளவீட்டுக் காலம் எது என்பது ஒன்று. மூலப் படங்களின் பிரதி ஒன்று முகிலுக்கு வெளியே, சங்கத்தின் கையிலேயே, வன்தட்டில் இருக்கவேண்டும் என்பதும் அதற்கான செலவு எந்தச் சிக்கனத்திலும் தொடப்படாது என்பதும் இன்னொன்று. அழிக்கும் அதிகாரமுள்ள இரகசியத் திறவுகோல் யாரிடம் இருக்கும் என்பது மற்றது. அத்திறவுகோல் ஒரு சாதாரணக் கோப்பில் எழுத்தாக இருப்பது. அக்கோப்பைப் பெற்றவர் எவராயினும் ஒரு வரியில் முழு ஆவணகத்தையும் இல்லாமற் செய்யலாம். ஆகவே அன்றாட வேலைக்குப் படிக்க மட்டும் உரிமையுள்ள திறவுகோல் ஒன்றும், மாற்றுவதற்கு இருவர் அறிந்த வேறொன்றும் வேண்டும். இத்தீர்மானங்கள் சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டில், எடுத்தோர் பெயருடன், தமிழில் எழுதப்பட்ட பின்னர் கட்டளை வரியைத் திறக்கலாம். முதலில் இடவேண்டிய கட்டளை, எதனையும் மாற்றாத 'விவரி' என்பது.